செராமிக் பேரிங் போட்டால் வண்டி பறக்குமா? ஸ்டீல் பேரிங் எங்கே தோற்கிறது? முழு விளக்கம்

காஞ்சிபுரத்தை ஒட்டியுள்ள கூரம், ராமானுஜரின் சீடர் கூரத்தாழ்வான் பிறந்த ஊர். 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் பரமேஸ்வரவர்மனின் செப்பேடு கிடைத்ததாலும் வரலாற்றுப் புத்தகங்களில் இடம் பிடித்த ஊர். அங்கிருந்து தினமும் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் காஞ்சிபுரத்துக்கு வேலைக்கு வந்து போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மழைக்காலம் முடிந்ததும் பின்சக்கரத்தில் 'கொர்ர்' என்று ஒரு சத்தம். மெக்கானிக் சக்கரத்தைத் தூக்கி கையால் சுற்றிப் பார்க்கிறார். "பேரிங் போச்சு அண்ணே" என்கிறார்.

இதுவரை சாதாரண விஷயம்தான். ஆனால் இப்போது கூடவே இன்னொரு பேச்சும் வருகிறது. "செராமிக் பேரிங்னு ஒண்ணு வந்திருக்கு. போட்டுட்டா லைஃப் லாங். வண்டியும் லேசா ஓடும், சார்ஜும் நிக்கும்." போனில் ஒரு வீடியோ. விரலால் ஒரு தட்டு தட்டினால் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது அந்த பேரிங். பக்கத்தில் ஸ்டீல் பேரிங் இரண்டு சுற்றிலேயே நின்றுவிடுகிறது. விலை மட்டும் பல மடங்கு. வாங்கலாமா?

ஸ்கூட்டர் சக்கரத்துக்கு வேண்டாம். ஆனால் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே ஒரு அரிசி ஆலை முதலாளி இதே கேள்வியைக் கேட்டால், 'கட்டாயம் யோசிங்க' என்று சொல்ல வேண்டியிருக்கும். இரண்டு பேருக்கும் இரண்டு பதில் ஏன் என்பதுதான் விஷயம். அதற்குக் காரணம் வேகம்கூட இல்லை. கரண்ட்.

நெசவாலையில் பிறந்த கதை

பேரிங் என்றால் உள்ளே ஒரு வளையம், வெளியே ஒரு வளையம், நடுவில் குண்டுகள். சைக்கிள் கடையில் 'பால்ரஸ்' என்று சொல்வார்களே, அதே குண்டுகள்தான். குண்டுகள் ஒன்றோடொன்று உரசாமல் இடைவெளி விட்டுப் பிடித்துக்கொள்ள ஒரு கூண்டு, வழுக்க கிரீஸ், தூசி நுழையாமல் தடுக்க இருபுறமும் மூடி. ஃபேன், மிக்ஸி, பைக், லாரி எல்லாவற்றிலும் இதே அமைப்புதான்.

பட்டுத் தறி ஊர்க்காரர்களுக்குப் பிடித்தமான ஒரு தகவல் இதில் உண்டு. இன்று உலகின் மிகப்பெரிய பேரிங் நிறுவனங்களில் ஒன்றான எஸ்.கே.எஃப்., ஒரு ஜவுளி ஆலையில்தான் பிறந்தது. ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் இருந்த அந்த ஆலை களிமண் நிலத்தில் கட்டப்பட்டது. நிலம் மெல்ல இறங்க இறங்க, இயந்திரங்களை ஓட்டும் நீளமான இரும்புத் தண்டுகள் கோணலாகின. தண்டு கோணினால் பேரிங் உடையும். ஆலையின் பராமரிப்புப் பொறியாளர் ஸ்வென் விங்குவிஸ்ட் இதற்குத் தீர்வு தேடி, தண்டு சற்றுக் கோணினாலும் தானாகவே அதற்கு இசைந்து கொடுக்கும் இரட்டை வரிசை பால் பேரிங்கை 1907-ல் உருவாக்கினார். அதே ஆண்டில் நிறுவனமும் தொடங்கியது.

அன்று தொடங்கி இன்றுவரை குண்டுக்கு ஏற்ற பொருள் என்றால் குரோமியம் கலந்த கடின ஸ்டீல்தான். நம்மூர் லேத் பட்டறைகளில் 'இ.என்.31' என்று கேட்டு வாங்குவார்களே, அந்த வகை. அடி வாங்கும், பாரம் தாங்கும், மலிவு.

செராமிக் என்றால் டீ கப் மாதிரியா?

பெயரைக் கேட்டதும் டைல்ஸும் டீ கப்பும்தான் ஞாபகத்துக்கு வரும். கீழே விழுந்தால் உடைந்துவிடாதா என்ற பயமும் வரும். இது அந்த செராமிக் இல்லை. தரமான செராமிக் பேரிங்கில் இருப்பது சிலிக்கான் நைட்ரைடு. மாவு போன்ற தூளை அச்சில் அழுத்தி, 1,700 டிகிரி செல்சியஸுக்கும் மேலான வெப்பத்தில் இறுக வைத்து, பிறகு வைரத்தூள் கொண்டு தேய்த்துத் தேய்த்து உருண்டையாக்குவார்கள். அந்தத் தேய்ப்பு வேலை மட்டுமே வாரக்கணக்கில் இழுக்கும். விலை ஏன் அவ்வளவு என்ற கேள்விக்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது.

எடை, ஸ்டீலில் சுமார் 40 சதவீதம்தான். ஒரு கன சென்டிமீட்டர் ஸ்டீல் 7.8 கிராம் இருந்தால், இது 3.2 கிராம். கடினம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சூடானால் விரிவது ஸ்டீலில் கால் பங்கு அளவுக்குத்தான். துருப்பிடிக்காது. காந்தத்தில் ஒட்டாது. மின்சாரம் பாயாது. இந்தக் கடைசி வார்த்தையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். 'செராமிக் பேரிங்' என்று கடையில் விற்பவற்றில் பெரும்பாலானவை முழு செராமிக் இல்லை. குண்டுகள் மட்டும் செராமிக். உள் வளையம், வெளி வளையம் இரண்டும் பழைய ஸ்டீல்தான். இதற்குப் பெயர் ஹைப்ரிட் பேரிங். வளையமும் சேர்த்து முழுக்க செராமிக்கில் செய்தவையும் உண்டு. ஆனால் அவை அமிலத் தொட்டி, காந்தம் ஆகாத மருத்துவக் கருவி போன்ற தனி இடங்களுக்கானவை. வண்டிக்கோ மோட்டாருக்கோ நீங்கள் பார்ப்பது ஹைப்ரிட்தான்.

அப்படியானால் 'துருவே பிடிக்காது' என்ற விளம்பரம்? குண்டு பிடிக்காது. வளையம் பிடிக்கும். மழைத் தண்ணீர் புகுந்த சக்கரத்தில் ஹைப்ரிட் பேரிங்கும் கெட்டுப்போகும், செலவு மட்டும் அதிகம்.

பல் டாக்டரிடம் ஏற்கனவே பார்த்திருப்பீர்கள்

செராமிக் குண்டின் நிஜமான வேகத்தைப் பார்க்க ஆசையா? பல்லில் ஓட்டை அடைக்கப் போனவர்களுக்கு அந்த 'கீய்ய்ங்' சத்தம் மறக்காது. காற்றழுத்தத்தில் சுற்றும் அந்த டிரில் நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கும் மேல் போகும். அதன் தலைக்குள் இருக்கும் மிகச் சிறிய பேரிங்குகளில் பரவலாகப் பயன்படுவது செராமிக் குண்டுகள்தான்.

ஏன்? கயிற்றில் கல்லைக் கட்டிச் சுற்றினால் கல் வெளியே பறக்கப் பார்க்கும், இல்லையா? பேரிங்கில் குண்டுகளும் அப்படித்தான். வேகம் கூடக்கூட வெளி வளையத்தைப் போய் அழுத்தும். வேகம் இரட்டிப்பானால் அழுத்தம் நான்கு மடங்கு. குண்டு லேசாக இருந்தால் அந்த அழுத்தம் அதே அளவு குறையும். அழுத்தம் குறைந்தால் சூடு குறையும், சூடு குறைந்தால் கிரீஸ் நீடிக்கும். கோயம்புத்தூர், அம்பத்தூர், ஒரகடம் பக்கம் இருக்கும் சி.என்.சி. இயந்திரங்களின் அதிவேக ஸ்பிண்டில்களுக்கு ஹைப்ரிட் பேரிங்கைத் தேர்ந்தெடுப்பதும் இதனால்தான். அமெரிக்காவின் விண்வெளி ஓடத்தில், திரவ ஆக்சிஜனை எஞ்சினுக்குள் தள்ளும் அதிவேக பம்ப்பின் புதிய வடிவம் 1995-ல் பறந்தபோது அதிலும் சிலிக்கான் நைட்ரைடு குண்டுகள்தான் இருந்தன.

இப்போது நம் சக்கரத்துக்கு வருவோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிளின் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 240 முறை சுற்றுகிறது. 12 இன்ச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஏறக்குறைய 680 முறை. வீட்டு சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 350, 400. மறுபக்கம், ரப்பர் சீல் வைத்த சாதாரண 6202 ஸ்டீல் பேரிங்கே 10,000 சுற்றுக்கு மேல் தாங்கும்.

அதாவது, உங்கள் வண்டிச் சக்கரம் ஸ்டீல் பேரிங்கின் தெம்பில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடுவதில்லை. தீராத பிரச்சினைக்கு மருந்து வாங்கலாம். இல்லாத பிரச்சினைக்கு எதற்கு?

அப்படியானால் வீடியோவில் சுற்றியது?

அது பொய் இல்லை. ஆனால் அதில் செராமிக்கின் பங்கு ரொம்பக் குறைவு.

கையால் தட்டிச் சுற்றும்போது பேரிங்கில் பாரமே இல்லை. அந்த நிலையில் சுற்றைத் தடுப்பவை இரண்டே இரண்டு. ஒன்று, உள்ளே இருக்கும் கெட்டி கிரீஸ். இன்னொன்று, உள் வளையத்தை உரசிக்கொண்டிருக்கும் ரப்பர் சீல். விளம்பரத்துக்கு எடுக்கும் பேரிங்கில் பெரும்பாலும் சீல் இருக்காது, கிரீஸுக்குப் பதிலாக இரண்டு சொட்டு மெல்லிய ஆயில் இருக்கும். ஒரு சாதாரண ஸ்டீல் பேரிங்கின் ரப்பர் மூடியைக் கழற்றி, கிரீஸை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, ஒரு சொட்டு ஆயில் விட்டுத் தட்டிப் பாருங்கள். அதுவும் நிற்காமல் சுற்றும். விரலில் வைத்துச் சுற்றும் ஸ்பின்னர் பொம்மை ஊரெங்கும் ஓடியபோது பசங்கள் இதைத்தான் செய்தார்கள்.

ஆனால் அந்த பேரிங்கை அப்படியே வண்டியில் பூட்டினால் பாலாற்று மணலும் மழைத் தண்ணீரும் நேராக உள்ளே போகும். வாரக் கணக்கில்கூடத் தாங்காது. சீல் உரசுகிறதே என்று வருத்தப்படுவது, கதவு இருந்தால் திறக்க வேண்டியிருக்கிறதே என்று வருத்தப்படுவது மாதிரி.

சைக்கிள் ஓட்டுபவர் 30 கிலோமீட்டர் வேகத்தில் போக 150, 200 வாட் அளவுக்குச் சக்தி செலவிடுகிறார். அதில் பெரும்பகுதி காற்றோடு முட்டுவதிலேயே போய்விடுகிறது, மீதியில் பெரும்பங்கு டயரில். சக்கர பேரிங்குகள் தின்பது ஓரிரண்டு வாட். அதில் செராமிக் எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் காலுக்குத் தெரியப் போவதில்லை. பந்தய சைக்கிள்காரர்கள் வாங்குகிறார்கள் என்றால், அவர்களுக்கு நொடியில் நூற்றில் ஒரு பங்கும் கணக்கு. நம்மூர் கேரியர் வைத்த சைக்கிளில் பெரும்பாலும் கப், கோன், உதிரி குண்டு அமைப்புதான். வீடியோவில் காட்டும் மாதிரியான பேரிங்கை அதில் நேரடியாகப் பொருத்தவே முடியாது. டயருக்குச் சரியாகக் காற்றடித்தால் அதைவிடப் பல மடங்கு லாபம்.

பள்ளமும் தேரும்

'ஸ்டீலைவிடக் கடினமானது' என்பதை விற்பவர்கள் நல்ல செய்தியாகச் சொல்கிறார்கள். சக்கரத்தைப் பொறுத்தவரை அது முழுக்க நல்ல செய்தி இல்லை.

சக்கரம் பள்ளத்தில் தடாலென்று இறங்கும்போது அந்த அடி முழுவதும் ஒரு நொடிக்குக் கீழே இருக்கும் ஒன்றிரண்டு குண்டுகள் மேல் விழுகிறது. ஸ்டீல் குண்டு ஸ்டீல் வளையத்தை அழுத்தும்போது இரண்டும் நூலிழை அளவு அமுங்கி, அடியைப் பகிர்ந்துகொள்ளும். செராமிக் குண்டு அமுங்காது. அதனால் தொடும் இடம் சிறிதாகும், அழுத்தம் கூடும், பள்ளம் வளையத்தில் விழும். வளையம் ஸ்டீல்தானே! ஒருமுறை பள்ளம் விழுந்துவிட்டால் குண்டு ஒவ்வொரு சுற்றிலும் அதில் விழுந்து எழும். சத்தம் ஆரம்பித்துவிடும்.

வைகாசி மாதம் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் தேர் ஓடும்போது பார்த்திருப்பீர்கள். டன் கணக்கில் பாரம், ஆமை வேகம், நின்று நின்று கிளம்பும்போது பெரிய குலுக்கல். செராமிக்குக்கு நேர் எதிரான வேலை அது. மெதுவாகப் பெரும் பாரத்தைச் சுமக்கவும், அடிபட்டாலும் உடையாமல் தாங்கவும் இரும்பும் ஸ்டீலும்தான் சரி. மாட்டு வண்டி முதல் டிப்பர் லாரி வரை இதே கணக்கு.

அப்புறம் எங்கேதான் ஸ்டீல் தோற்கிறது?

இனிதான் அரிசி ஆலைக்காரர் கதை.

ஆலையில் ஒரு பெரிய மோட்டார். வருஷக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. கரண்ட் பில்லைக் குறைக்க, மோட்டார் வேகத்தைத் தேவைக்கு ஏற்ப மாற்றும் 'டிரைவ்' ஒன்றைப் பொருத்துகிறார்கள். வி.எஃப்.டி. என்று சொல்வார்களே, அந்தப் பெட்டி. பில் குறைகிறது. எல்லோருக்கும் சந்தோஷம். சில மாதம் கழித்து மோட்டாரிலிருந்து 'ஊம்...' என்று ஒரு முனகல். காயில் கட்டும் கடைக்குப் போகிறது. பேரிங் மாற்றுகிறார்கள். மறுபடியும் சில மாதத்தில் அதே சத்தம். பேரிங் டூப்ளிகேட் என்று கடைக்காரர் மேல் சந்தேகம், கிரீஸ் வைக்கவில்லை என்று ஆள் மேல் கோபம். நல்ல கம்பெனி பேரிங்காகப் பார்த்து வாங்கிப் போட்டாலும் அதே கதை.

உண்மையான குற்றவாளி டிரைவ் பெட்டி. அது கரண்டை நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்பித்தான் மோட்டாரின் வேகத்தை மாற்றுகிறது. அந்த வெட்டுகளால் சுழலும் தண்டில் மெல்ல மெல்ல ஒரு மின்னழுத்தம் சேருகிறது. அது எர்த்துக்குப் போக வழி தேடும். தண்டுக்கும் மோட்டார் உடம்புக்கும் நடுவே இருப்பது பேரிங் மட்டும்தான். குண்டுக்கும் வளையத்துக்கும் இடையே உள்ள கிரீஸ் படலம் ஒரு முடியைவிடப் பல மடங்கு மெல்லியது. மின்னழுத்தம் ஓர் அளவைத் தாண்டியதும் அந்தப் படலத்தைப் பொத்துக்கொண்டு பாயும். கண்ணுக்குத் தெரியாத ஒரு தீப்பொறி. அந்தப் புள்ளியில் ஸ்டீல் உருகி ஒரு நுண்ணிய குழி விழும்.

ஒரு குழியால் ஒன்றும் ஆகாது. ஆனால் இது மோட்டார் ஓடும் நேரமெல்லாம், நொடிதோறும் திரும்பத் திரும்ப நடக்கிறது. கிரீஸ் கருகி மை மாதிரி கறுத்துப் போகும். நாளடைவில் வளையத்தின் உட்பக்கம் தகரக் கூரை மாதிரி வரி வரியாகிவிடும். கெட்டுப்போன பேரிங்கை வெட்டிப் பார்த்தால் இந்த வரிகள் தெளிவாகத் தெரியும். அவை இருந்தால் குற்றம் கிரீஸிலோ பிராண்டிலோ இல்லை, கரண்டில்தான்.

இங்கேதான் சிலிக்கான் நைட்ரைடு குண்டு தன் விலையை நியாயப்படுத்துகிறது. அதில் மின்சாரம் பாயாது. தண்டிலிருந்து உடம்புக்குப் போகும் வழி அங்கேயே அடைபடும். தீப்பொறி இல்லை, வரி இல்லை, கிரீஸ் கருகுவதும் இல்லை. வேகத்துக்காகக் கண்டுபிடித்த பொருள், இன்று அதிகம் தேவைப்படுவது ஒருவகையில் 'இன்சுலேஷன் டேப்' வேலைக்குத்தான்!

காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு ஏன் இது முக்கியம்?

இதே டிரைவ் பெட்டியின் சின்ன வடிவம் ஒவ்வொரு எலெக்ட்ரிக் வாகனத்திலும் இருக்கிறது. பெயர் மட்டும் இன்வெர்ட்டர் அல்லது கன்ட்ரோலர். காஞ்சிபுரம் மாவட்டம் இருங்காட்டுக்கோட்டையில் உள்ள ஹூண்டாய் ஆலையில்தான், 2025 ஜனவரியில் அறிமுகமான க்ரெட்டா எலெக்ட்ரிக் தயாராகிறது. இந்தப் பக்கத்து கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ் ஏறும் இளைஞர்கள் பலர் இனி கையாளப் போவது பிஸ்டன் இல்லை, மோட்டாரும் இன்வெர்ட்டரும்தான்.

எலெக்ட்ரிக் கார் மோட்டார் நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. வேகம், வெட்டி வெட்டி வரும் கரண்ட் என்று ஸ்டீல் பேரிங்கின் இரண்டு எதிரிகளும் அங்கே ஒன்றாக இருக்கின்றன. அதனால் உலகம் முழுக்க கார் வடிவமைப்பாளர்கள் மோட்டாருக்குள் ஹைப்ரிட் பேரிங் வைப்பது, தண்டிலிருந்து கரண்டை நேராக எர்த்துக்கு இறக்கிவிடும் பிரஷ் வைப்பது என்று பல வழிகளைக் கையாள்கிறார்கள். பேட்டரி வோல்டேஜ் 400-லிருந்து 800-க்குப் போகப் போக இந்தத் தலைவலி கூடத்தான் செய்யும்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் மலைபோல நிற்கும் காற்றாலைகளின் ஜெனரேட்டர்களுக்கும் இதே நோய்தான். அவ்வளவு உயரத்தில் ஏறி பேரிங் மாற்றுவது பேரிங் விலையைவிடப் பெரிய செலவு. அங்கே செராமிக்கின் கூடுதல் விலை ஒரு பொருட்டே இல்லை.

வீட்டுக்குள்ளும் இது எட்டிப் பார்க்கிறது. கரண்ட் மிச்சம் பிடிக்கும் பி.எல்.டி.சி. ஃபேன், இன்வெர்ட்டர் ஏ.சி. எல்லாம் இதே முறையில் ஓடுபவை. ஏ.சி. உள்ளே சுற்றும் சின்ன ஃபேன் மோட்டார்களில் பேரிங் இப்படி மின்சாரத்தால் அரிக்கப்படுவது தயாரிப்பாளர்களுக்குத் தெரிந்த பிரச்சினை. சிலர் அதற்கு செராமிக் குண்டுகளையே பயன்படுத்துகிறார்கள். அதற்காக உங்கள் பி.எல்.டி.சி. ஃபேன் சத்தம் போட்டால் உடனே செராமிக் தேட வேண்டாம். முதலில் றெக்கை, ஸ்க்ரூ, கொக்கி எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா பாருங்கள். வாரண்டி இருந்தால் கம்பெனிக்கு போன் போடுங்கள்.

பேரிங்கை மட்டும் மாற்றினால் போதுமா?

போதாது. இதில் பலர் கோட்டை விடுகிறார்கள்.

கரண்டுக்கு ஒரு வழியை அடைத்தால் அது இன்னொரு வழி தேடும். மோட்டார் பேரிங்கில் செராமிக் போட்டு அடைத்தால், அதே தண்டோடு இணைந்த கியர் பாக்ஸ் பேரிங் வழியாகவோ பம்ப் பேரிங் வழியாகவோ இறங்கும். ஆறு மாதம் கழித்து அது கத்தும். ஆகவே தண்டின் ஒரு முனையில் கரண்டைத் தடுத்தால், மறுமுனையில் அது பத்திரமாக எர்த்துக்கு இறங்க ஒரு பிரஷ்ஷோ எர்த்திங் வளையமோ வைப்பது நல்லது. 100 கிலோவாட்டுக்கு மேற்பட்ட பெரிய மோட்டார்களில் கரண்ட் இரண்டு பேரிங் வழியாகவும் வட்டமாகச் சுற்றும். அங்கே ஒரு பக்கத்தையாவது தடுத்தே ஆக வேண்டும்.

செலவைப் பார்த்தால், ஆலைக்காரர் முதலில் செய்ய வேண்டியது பேரிங் வாங்குவது அல்ல. டிரைவுக்கும் மோட்டாருக்கும் இடையே மேலுறை போட்ட கேபிள் இருக்கிறதா, அது நீளமாக வளைந்து வளைந்து போகிறதா, எர்த் ஒழுங்காக இறங்கியிருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கலாம். பல இடங்களில் பிரச்சினை பாதியாகக் குறைந்துவிடும். செராமிக்கைவிட விலை குறைந்த இன்னொரு வழியும் உண்டு: வெளி வளையத்தின் மேல் மெல்லிய செராமிக் பூச்சு பூசிய ஸ்டீல் பேரிங். பெரிய அளவு மோட்டார்களுக்கு இது நன்றாகவே உதவும். சின்ன, நடுத்தர மோட்டாருக்கு ஹைப்ரிட் சுலபம்.

நீர்மூழ்கி போர்வெல் மோட்டார் வைத்திருக்கும் விவசாயிகள் கவலைப்பட வேண்டாம். தண்ணீர் நிரப்பிய மோட்டார்களில் பொதுவாக இந்த மாதிரி குண்டு பேரிங்கே இருக்காது. தண்ணீரே வழுக்கும் புஷ் அமைப்புதான்.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்க

ஆன்லைனில் 'செராமிக்' என்று மலிவாக வருபவற்றில் நிறைய ஜிர்கோனியா குண்டுகள். அதுவும் செராமிக்தான், ஆனால் வேறு ஜாதி. எடை சிலிக்கான் நைட்ரைடைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஈரமும் சூடும் சேர்ந்தால் நாளடைவில் வலு குறையக்கூடியது. வேகமாகச் சுற்றும் மோட்டாருக்கு ஏற்றது இல்லை. பொதுவாக ஜிர்கோனியா வெள்ளையாக, சிலிக்கான் நைட்ரைடு கறுப்பாக அல்லது அடர் சாம்பல் நிறத்தில் இருக்கும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்; கறுப்பு ஜிர்கோனியாவும் உண்டு. பெட்டியில் பொருளின் பெயர் எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள்.

குண்டு செராமிக்தானா என்று தெரிய ஒரு காந்தம் போதும். குண்டு ஒட்டினால் அது ஸ்டீல், அவ்வளவுதான். மோட்டாருக்கு வாங்குகிறீர்கள் என்றால் மல்டிமீட்டரை எடுத்து உள் வளையத்தில் ஒரு முனை, வெளி வளையத்தில் ஒரு முனை வைத்துப் பாருங்கள். 'பீப்' அடித்தால் கரண்ட் பாய்கிறது என்று அர்த்தம். அந்த பேரிங்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

எண்ணும் முக்கியம். 6202 என்றால் எந்தக் கம்பெனியானாலும் உள் துளை 15 மில்லிமீட்டர், வெளி விட்டம் 35, அகலம் 11. ஆகவே அளவு பொருந்துகிறது என்பதை வைத்து தரத்தை முடிவு செய்ய முடியாது. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகள்தான் குண்டு என்ன, சீல் என்ன, உள் இடைவெளி எவ்வளவு என்று சொல்லும். எஸ்.கே.எஃப். நிறுவனத்தில் 'எச்.சி.5' என்று முடிந்தால் சிலிக்கான் நைட்ரைடு குண்டு என்று அர்த்தம். மற்ற நிறுவனங்களுக்கு வேறு குறியீடு. பழைய பேரிங்கைக் கையோடு எடுத்துப் போய், அதில் உள்ள முழு எண்ணையும் காட்டி வாங்குவதுதான் நல்லது. பிரபல பெயர்களில் போலி பேரிங்குகள் புழங்குவதால், பெட்டியைப் படம் எடுத்து அனுப்பிச் சரிபார்க்கும் ஆப்களைக்கூட பெரிய நிறுவனங்கள் விட்டிருக்கின்றன.

விலையில் வித்தியாசம் எவ்வளவு? ஸ்கூட்டரில் போடும் அளவுள்ள நல்ல ஸ்டீல் பேரிங் பொதுவாகச் சில நூறு ரூபாய்க்குள் முடியும். அதே அளவில் பெயர் பெற்ற நிறுவனத்தின் ஹைப்ரிட் என்றால் ஆயிரங்களில். இதைவிட மிக மலிவாக 'ஒரிஜினல் செராமிக்' கிடைக்கிறது என்றால், காந்தத்தை எடுங்கள்.

சரி, அந்த ஸ்கூட்டருக்கு என்ன போடுவது?

இருபுறமும் ரப்பர் சீல் உள்ள நல்ல ஸ்டீல் பேரிங். பொருத்தும்போது மெக்கானிக் சுத்தியலால் உள் வளையத்தை அடித்து ஏற்றாமல், வெளி வளையம் முழுக்கச் சமமாகப் படும்படி சாக்கெட் வைத்து அழுத்தி இறக்குகிறாரா என்று பாருங்கள். அடித்து ஏற்றும்போதே பேரிங்கின் ஆயுள் பாதி போய்விடும். அது ஸ்டீல் என்றாலும் செராமிக் என்றாலும். வண்டியைக் கழுவும்போது பிரஷர் வாஷ் தண்ணீரை நேராகச் சக்கரத்தின் நடுவில் பீய்ச்ச வேண்டாம். சத்தம் சக்கரத்திலிருந்து இல்லாமல் மோட்டாருக்குள்ளிருந்து வந்தால், ரோட்டோர கடையில் பிரிக்காமல் சர்வீஸ் சென்டருக்கே கொண்டு போங்கள். அங்கே என்ன வகை பேரிங் இருந்ததோ அதே வகைதான் திரும்பப் போட வேண்டும். செராமிக் இருந்த இடத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஸ்டீல் போட்டாலும் தப்புதான்.

தறி வீடுகளில் தார் சுற்ற ராட்டையில் குட்டி மோட்டார் பூட்டியிருப்பார்கள். அதில் சத்தம் வந்தால் பெரும்பாலும் காரணம் பேரிங் இல்லை. தண்டைச் சுற்றிச் சுற்றி இறுகிப்போன பட்டு இழைதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஊசியால் அந்த நூலை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.